பால் டின்னில் நூம்பல் மண்

மண்ணூர்பேட்டை
11-1-87

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கு,

செலின் எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? கோத்தகிரிக் குளிருக்கு உன் இருமல் எப்படி இருக்கிறது? நாங்கள் மூவரும் இங்கே சுகம். அமலிக்கு ஏழு மாதம் முடிந்து கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. எதை எடுத்தாலும் கடிக்கிறாள்.

நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் கேக்கும் ஸ்வெட்டரும் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத இன்றைக்குத்தான் கை வந்தது. திட்டாதே. பெயிண்ட் கம்பெனி லேபில் இருந்தபோது ஒரு நாளைக்கு நாற்பது ரிப்போர்ட் எழுதிய கை இது. இப்போது ஒரு இன்லேண்ட் எழுத மூன்று வாரம்.

போன ஞாயிறு பூசை முடிந்து நூம்பலுக்குப் போயிருந்தோம். இவருடைய அண்ணன் வேதமுத்து மாமா அங்கே அரை ஏக்கரில் கத்திரி போடுகிறார், சொல்லியிருக்கிறேனே. சுற்றிப் பாதிப் பேர் நிலத்தில் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள், இவர் விடாமல் நாற்று நடுகிறார். இந்த முறை சூப்பர் பாஸ்பேட் எந்தக் கடையிலும் இல்லையாம். பூந்தமல்லிக்கு மூன்று நடை போய் வெறுங்கையோடு வந்திருக்கிறார். வேர் பிடிக்கவும் பூ எடுக்கவும் அதிலுள்ள மணிச்சத்து இல்லாமல் எப்படி நடுவது என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அத்தானின் உரக்கடை ஞாபகம் வந்தது. உங்கள் ஊரில் கோஸுக்கும் கேரட்டுக்கும் மணிச்சத்துப் பாறைத்தூள் போடுவார்களே, மெதுவாகக் கரைந்து இரண்டு மூன்று பயிருக்கு நிற்கும் என்று அத்தான் சொல்வாரே, அதைச் சொன்னேன்.

"இன்னாது? ஒரு தபா போட்டா மூணு பயிருக்கு நிக்குமா?" என்று மாமா எழுந்தே விட்டார்.

ஜெயகுமாரி அக்கா (அவர் மனைவி) முறத்தைக் கீழே வைத்தார். "கல்லைத் துன்னுட்டு கத்திரிக்கா காய்க்குமாம். இதான் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"நீ சும்மா இரு ஜெயா. கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு சொல்லுது, கேளு."

அக்கா, கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை. பால் டின் தீர்ந்ததா, துணி காய்ந்ததா, இதுதான் பேச்சு. அன்றைக்குத்தான் எனக்குத் தனியாக நாற்காலி போட்டார்கள். அத்தானிடம் கேட்டு மூன்று மூட்டைக்கு ஏற்பாடு செய்யேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் தங்கை,
செலின்


கோத்தகிரி
24-1-87

சேசு மரி சூசை

என் தங்கை செலினுக்கு ஜெயசீலி ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

நாங்கள் யாவரும் நலம். இருமல் விட்டது, அதற்குப் பதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பல்லுக்கே கடிக்கிறாளா, உன்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள். சின்ன வயதில் நீ கடித்த தழும்பு என் கையில் இன்னும் இருக்கிறது.

மூட்டைக்கு ஒன்றுமில்லை, அனுப்பலாம். ஆனால் அத்தான் ஒன்று கண்டிப்பாகச் சொன்னார். எங்கள் மலை மண் புளிப்பு. அந்தப் புளிப்பில்தான் பாறைத்தூள் கரையும். உங்கள் பக்கத்து மண் எப்படியோ? சோதித்துப் பார்த்து பி.எச். என்கிற அமிலக் கணக்கு ஆறுக்குக் கீழே இருந்தால் தாராளமாகப் போடட்டும். ஏழைத் தாண்டினால் கல் கல்லாகவே கிடக்கும், செடி பட்டினி கிடக்கும். கெமிஸ்ட்ரிக்காரிக்கு நான் சொல்ல வேண்டுமா?

கடையில் உத்தமன் என்று ஒருவர் இருக்கிறார், நீ என் கல்யாணத்தில் பார்த்திருப்பாய், பந்தலுக்குக் கயிறு கட்டியவர். எடை போடுவது, மூட்டை தைப்பது, கடைச் சாவி எல்லாம் அவர் கையில்தான். அவரும் அதையேதான் சொல்கிறார்: "தங்கச்சிகிட்ட மொதல்ல மண்ணக் கேட்டுப்போட்டு அப்பறம் அனுப்பலாமுங்க." பத்து இடத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிடி எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எருக்குழிப் பக்கம் எடுக்கக் கூடாதாம்.

எண்ணை எழுது. மூட்டை கிளம்பும்.

அமலிக்குத் திருஷ்டி சுற்றிப் போடு. பூசைக்குப் போகிறவர்கள் சுற்றக் கூடாது என்பார் உன் மாமனார், அவர் பார்க்காதபோது சுற்று.

அக்கா


மண்ணூர்பேட்டை
20-2-87

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அமலிக்குப் பத்து நாள் வாந்தியும் பேதியும். உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டியே நாள் போயிற்று. இப்போது தேறிவிட்டாள். கன்னம்தான் வற்றிவிட்டது.

மாமா மண்ணை உன் கடிதம் வந்த வாரமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். நீ சொன்னபடி பத்து இடம். அமலியின் காலிப் பால் டின்னை நான் கழுவிக் காய வைத்துக் கொடுத்திருந்தேன், அதில் நிரப்பி, மூடிமேல் துணி கட்டி, சைக்கிளில் வைத்துக்கொண்டு நூம்பலிலிருந்து மண்ணூர்பேட்டை வரை வந்தார் பாவம். என் பழைய காலேஜ் லேபில் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

போன ஞாயிறு கோயில் வாசலிலேயே கேட்டார். "இன்னாம்மா செலினு, ரிப்போட்டு வந்துச்சா? நாத்து உட்டு இருவது நாள் ஆயிட்ச்சு, இன்னும் ஒரு மாசத்துக்கு மேல தாங்காது." சுற்றி எல்லோரும் நின்றார்கள். வந்துவிட்டது என்று சொன்னேன்.

எண் 5.8.

மூட்டைகளை அனுப்பச் சொல். வேறு ஒன்றுமில்லை.

செலின்


கோத்தகிரி
3-3-87

சேசு மரி சூசை

அன்புத் தங்கைக்கு,

குழந்தை தேறியது கேட்டு மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். இனிமேல் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடு.

நேற்று மேட்டுப்பாளையத்திலிருந்து கோஸ் லாரியில் மூன்று மூட்டையும் ஏறிவிட்டன. வானகரத்தில் இறக்கச் சொல்லி டிரைவரிடம் சீட்டுக் கொடுத்திருக்கிறது. உத்தமன் மூட்டை வாயைச் சிவப்பு நூலில் தைத்திருக்கிறார். நம் வீட்டு மூட்டை என்று அடையாளம் தெரியத்தானாம். அவர் தைத்தால் ஒரு பிடி சிந்தாது, பார்த்துக்கொள்.

5.8 என்றதும் அத்தானுக்கு ஆச்சரியம். "நம்ம மலை மண்ணு மாதிரியே இருக்குதே!" என்றார். உத்தமன் தலையைச் சொறிந்தார். "மெட்ராஸ் பக்கம் அஞ்சே முக்காலா? அண்ணி, தங்கச்சி நல்லாப் பாத்தாங்களா?" நான் விடுவேனா? "என் தங்கச்சி லேப்ல இருந்தவ உத்தமா. உங்க சாக்குக் கணக்கு இல்ல இது" என்றேன். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடியுரமாகப் போட்டு மண்ணோடு நன்றாகக் கலக்கச் சொல். காய் வந்ததும் எனக்கு ஒரு கூடை.

ஜெயசீலி


மண்ணூர்பேட்டை
10-5-87

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமா? இரண்டு மாதமாக எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அமலி பேனாவைப் பிடுங்குகிறாள். பிடித்துக்கொண்டு நிற்கிறாள் இப்போது.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கத்திரி நட்டு ஐம்பத்தைந்து நாள் ஆகிறது. இதற்குள் முழங்கால் உயரம் வந்து பூத்திருக்க வேண்டுமாம். சாண் உயரத்தில் நிற்கிறது. இலையைத் திருப்பினால் அடியில் ஊதா பாய்ந்திருக்கிறது. பக்கத்துக் கொல்லையில் பழைய உரம் கொஞ்சம் மிச்சம் வைத்துப் போட்டவர்கள் முதல் பறிப்பே பறித்துவிட்டார்கள்.

ஜெயகுமாரி அக்கா நேராக ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது, "கத்திரிக்கா கடையில வாங்கினது. நம்ம தோட்டத்துல கல்லுதான் வெளையுது" என்று சொல்லி இலையில் வைத்தார். நான் அதை இலையோரம் ஒதுக்கினேன்.

மாமா என்னைக் கேட்டார்: "மூட்டையில எதுனா கோல்மால் கீதான்னு கேளும்மா. செம்மண்ணு, சாம்பலுன்னு கலந்து தைச்சிருப்பானுங்க. உங்க அத்தானுக்கே தெரியாம நடந்திருக்கும்."

மாமா கேட்கச் சொன்னதால் கேட்கிறேன் அக்கா. மூட்டையில் ஏதாவது இருந்திருக்குமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனாலும் ஒருமுறை பார்க்கச் சொல்.

வெயில் தாங்கவில்லை. அமலிக்கு வேர்க்குரு.

செலின்


கோத்தகிரி
22-5-87

சேசு மரி சூசை

செலினுக்கு,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

உன் கடிதத்தை அத்தான் கடையிலேயே வைத்துப் படித்தார். சொந்தக்காரர்களிடமே பேர் கெட்டதே என்று அவருக்கு முகம் செத்துவிட்டது. உத்தமனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் ஒரே பேச்சுத்தான் பேசினார்: "மூட்டை நான் தைச்சதுங்க. அதுல ஒண்ணுமில்லை. மண்ணைக் கேளுங்க." அத்தான் அதையே திரும்பத் திரும்பக் கேட்டார், அவரும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "அப்ப என் கொழுந்தியா பொய் சொல்றாளா?" என்று அத்தான் கத்தினார். உத்தமன் பதில் சொல்லாமல் நின்றார். அப்படி நின்றதுதான் அத்தானுக்குப் பொறுக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். பதினோரு வருஷம் செலின்.

மறுநாள் அவர் மனைவி பொன்னியம்மா வந்து கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. "தெருவுல எங்களைப் பாத்துச் சாக்குத் திருடன்ங்கறாங்க அக்கா. அவரு ஒரு சணல் முடி எடுத்து வந்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உத்தமன் மேல் தப்பு இருந்தால் இருக்கட்டும். எனக்குத் தெளிவாக வேண்டும். காலேஜில் கொடுத்த அந்த ரிப்போர்ட் தாளை அனுப்பு. அதைக் காட்டினால் விஷயம் ஒரு பக்கம் தீரும் என்கிறார் அத்தான்.

உடனே அனுப்பு.

அக்கா


மண்ணூர்பேட்டை
14-6-87

அக்கா,

தாள் இல்லை. ரிப்போர்ட் இல்லை. நான் மண்ணைச் சோதிக்கவே இல்லை.

மாமா டின்னைக் கொண்டுவந்த மறுநாள் அமலிக்கு வாந்தி ஆரம்பித்தது. டின்னைப் பரண்மேல் வைத்தேன். அப்புறம் அதை நினைக்கவே இல்லை. பத்து நாள் கழித்து மாமா கோயில் வாசலில் கேட்டபோதுதான் ஞாபகம் வந்தது. "குழந்தைக்கு உடம்பு சரியில்லை மாமா, இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லியிருந்தால் ஆயிற்று. அவர் மூஞ்சியைச் சுளித்திருக்க மாட்டார். ஆனால் ஜெயகுமாரி அக்கா பக்கத்தில் நின்றார். என் பேச்சைக் கேட்பதற்கென்றே இரண்டு சொந்தக்காரர்களையும் அழைத்து வந்திருந்தார் மாமா. "எங்க தாசு பொஞ்சாதி, பி.எஸ்ஸி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வந்துவிட்டது என்று என் வாய் சொல்லிவிட்டது.

எண்ணை உன் கடிதத்திலிருந்துதான் எடுத்தேன். ஆறுக்குக் கீழே என்று எழுதியிருந்தாய். ஐந்து என்றால் ரொம்பக் குறைவு. ஐந்தரை என்றால் குத்துமதிப்பாகத் தெரியும். புள்ளி எட்டு என்று போட்டால் பார்த்து எழுதியது போல இருக்கும். லேபில் இருந்ததால் எனக்கு அது தெரியும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சோதிக்காமலே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணமாகி முதல் வாரம் நூம்பலில் பருப்பு வேகவில்லை. கிணற்றுத் தண்ணீர் அப்படி என்றார்கள். பானை அடியில் வெள்ளையாக ஓடு கட்டியிருந்தது. நான் எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தேன், நுரைத்துப் பொங்கியது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, இது சுண்ணாம்பு, காரத்தன்மை, கார்பனேட் என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். ஜெயகுமாரி அக்காகூட வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்தத் தண்ணீர்தானே அந்த மண்ணில் பாய்கிறது? அன்றைக்குப் பாடம் எடுத்தவளுக்கு, மூட்டை கேட்டபோது அது நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் வேண்டாம் என்று தள்ளியிருப்பேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

இன்று மதியம் அமலி தூங்கியதும் டின்னை இறக்கினேன். ஒரு பிடி மண்ணைச் சாஸரில் போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பொங்கியது அக்கா. சத்தம் கேட்கிற அளவுக்குப் பொங்கியது.

உத்தமன் அண்ணனிடம்


மண்ணூர்பேட்டை
20-6-87

அன்புள்ள அக்கா,

நலம். அங்கே நலமா?

தாளை அனுப்பலாம் என்று எடுத்து வைத்திருந்தேன். அமலி கிழித்துவிட்டாள்.

செலின்


கோத்தகிரி
30-7-87

சேசு மரி சூசை

செலினுக்கு,

இங்கே மழை. பிள்ளைகளுக்குச் சளி. மற்றபடி நலம்.

உன் இன்லேண்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதவில்லை. எப்போதும் தாமதம் நீதானே, ஒரு தடவை நானும் இருந்து பார்த்தேன்.

போன வாரம் சந்தையில் உத்தமனைப் பார்த்தேன். உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறார். தைக்கிற வேலைக்கு யாரும் வைத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "பாப்பாவுக்கு பேதின்னு சொன்னீங்களே, இப்ப தேவலீங்களா?" என்று கேட்டார். நான் பிப்ரவரியில் உன் கடிதத்தைக் கடையில் படித்துச் சொன்னது. ஞாபகம் வைத்திருக்கிறார். நீ தாள் கிழிந்ததாக எழுதியதையும் சொன்னேன். "கொழந்தைங்க கிழிக்கத்தானுங்க செய்யும்" என்றார். சிரிக்கவில்லை.

சின்ன வயதில் நீ பொய் சொன்னால் நீளமாகச் சொல்வாய். அதில் நாய் வரும், மழை வரும், பக்கத்து வீட்டுப் பாட்டி வருவாள். கடைசியில் நீயே அதில் மாட்டிக்கொள்வாய். இந்தமுறை ஒரே வரி.

நான் உன்னை எதுவும் கேட்கப்போவதில்லை.

ஜெயசீலி


மண்ணூர்பேட்டை
16-8-87

சேசு மரி சூசை

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இந்தக் கடிதத்துக்குள் ஜூன் மாதம் எழுதிய இன்னொன்று மடித்து வைத்திருக்கிறேன். முடிக்காதது. முதலில் அதைப் படியுங்கள். உத்தமன் அண்ணன் பேர் வந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக ஆறு நாள் கழித்து, பேச்சு வராத என் குழந்தையின் மேல் பழியைப் போட்டு ஒரு வரி அனுப்பினேன்.

நேற்று மாதா திருநாள். பூசை முடிந்து நூம்பல் போனபோது டின்னையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் கூடையில் எடுத்துக்கொண்டு போனேன். இவரிடம் வழியில்தான் சொன்னேன். இவர் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றார். அப்புறம் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்.

மாமா கத்திரியை எல்லாம் பிடுங்கி வரப்பில் குவித்து வைத்திருந்தார். நான் டின்னைத் திறந்து, மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பழத்தைப் பிழிந்தேன்.

"இன்னாம்மா இது, மாஜிக்கா?"

"மாமா, உங்க மண்ணு இது. பிப்ரவரியில நீங்க குடுத்தது. நான் இதைப் பாக்கவேயில்லை. நம்பரை நானே எழுதினேன்."

அவருக்கு விளங்கச் சிறிது நேரமாயிற்று. ஜெயகுமாரி அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அடிப்பாவி! அன்னைக்குப் பானைல இதே கூத்துதானே காட்டின! பால் டப்பால மண்ண மூடி வச்சிகினு ஆறு மாசமா எங்க மூஞ்சப் பாத்துகினு சோறு துன்னியே!"

ஒரு வார்த்தை தவறில்லை. மாமா என் கையில் நுரைத்திருந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த மலைக்காரன் மேல இன்னா தப்பு?"

"ஒண்ணுமில்ல மாமா."

"அவன வேலய விட்டுத் தூக்கிட்டாங்கன்னு தாசு சொன்னானே."

"ஆமாம் மாமா."

"அப்ப இத எங்கிட்ட சொல்லிகினு நிக்கறியே. நமக்குப் போனது ஒரு பயிரு. போய் அங்க எழுதும்மா." சொல்லிவிட்டு ஒரு செடியைக் காலால் தள்ளினார். "மூட்டையில கோல்மாலுன்னு கேட்டவன் நானு. அதையும் எழுது. எம் பேரப் போட்டு எழுது."

எழுதிவிட்டேன்.

அத்தான், உங்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு கடிதத்தையும் கடையில், அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போது, உத்தமன் அண்ணனையும் பொன்னியம்மாவையும் அழைத்து, உரக்கப் படியுங்கள். படிக்கும்போது என் பேரை மறைக்க வேண்டாம். கொழுந்தியா பொய் சொல்கிறாளா என்று நீங்கள் அவரைக் கேட்டீர்கள். ஆமாம், சொன்னேன்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவரைக் கூப்பிட்டால் போதும்.

செலின்


கோத்தகிரி
9-9-87

மதிப்பிற்குரிய செலின் அம்மா அவர்களுக்கு உத்தமன் வணக்கம். இங்கு நலம். பாப்பா நலம் அறிய ஆவல்.

முதலாளி கடையில் வைத்துக் கடிதம் படித்தார். பாதியில் அவரால் முடியவில்லை, உங்கள் அக்காதான் மீதியைப் படித்தார்கள். என் சம்சாரமும் இருந்தாள். சாவியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இன்னும் எடுக்கவில்லை. சந்தையில் பேசின வேலை மாதக் கடைசி வரை இருக்கிறது. அதற்கு அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னேன்.

மன்னிக்கச் சொல்லி எழுதியிருப்பீர்கள் என்று பொன்னி நினைத்தாள். அந்த வார்த்தை இல்லை. இல்லாததும் நல்லதுதான். இருந்தால் நான் என்ன பதில் எழுதுவது? தெருவில் இன்னும் இரண்டு வீடு எங்களோடு பேசவில்லை. கடிதம் படித்தது அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் பேசவில்லை.

இன்னொரு விஷயம். மூன்று மூட்டையில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். எருக்குழியில் ஓர் அடுக்குச் சாணம், ஓர் அடுக்குப் பச்சைத் தழை, மேலே இந்தத் தூளைத் தூவி, ஈரம் காயாமல் நான்கு மாதம் மூடி வைக்கச் சொல்லுங்கள். மக்கும்போது வரும் புளிப்பில் கல் இளகும். அப்புறம் உங்கள் மண்ணிலும் ஓரளவு பிடிக்கும். வேதமுத்து ஐயாவுக்கு என் வணக்கம்.

அதற்கு முன்னால் மண்ணைச் சரியாகப் பார்ப்பது நல்லது.

உத்தமன்


மண்ணூர்பேட்டை
4-10-87

சேசு மரி சூசை

மதிப்பிற்குரிய உத்தமன் அண்ணனுக்கும் பொன்னியம்மா அண்ணிக்கும்,

இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். அமலி நடக்கிறாள். நாலு அடி வைத்து உட்கார்ந்துவிடுகிறாள். உங்களுக்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. இந்தமுறை அமலி காரணமில்லை.

முதல் மூட்டை பயிரோடு போயிற்று. இரண்டாவதில் பாதியும் மூன்றாவது முழுவதும் இருந்தன. மூன்றாவதை அதுவரை பிரிக்கவே இல்லை. உங்கள் சிவப்பு நூல் தையலை மாமா கத்தியால் அறுக்காமல் முடிச்சைத் தேடிப் பிரித்தார். "இன்னாமா தைச்சிகீறான் பாரு" என்று நூலைச் சுற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நீங்கள் சொன்னபடியே எருக்குழியில் அடுக்கியாயிற்று. தழையை ஜெயகுமாரி அக்கா சுமந்து வந்து போட்டார்கள். என்னோடு இன்னும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் குழிக்குத் தண்ணீர் ஊற்ற ஞாயிறுதோறும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று நானே போய் மண் எடுத்தேன். பத்து இடம், ஒவ்வொன்றும் ஒரு சாண். மாமா கடப்பாரையைக் கொடுக்க வந்தார், வேண்டாம் என்றேன். கிணற்றடியில் எடுக்கவில்லை, எருக்குழிப் பக்கம் எடுக்கவில்லை. அம்மியடி நிழலில் உலர்த்தியபோது காக்கை ஒன்று கிளறியது, அது கிளறிய மண்ணை மட்டும் விலக்கிவிட்டேன். பால் டின் வேண்டாம் என்று புதுக் காடாத் துணியில் ஒரு பை தைத்தேன். தையல் கோணல். மாமாவிடமிருந்த நூலில் ஒரு முழம் கேட்டு வாங்கி வாயைத் தைத்திருக்கிறேன். பார்சல் இத்துடன் வருகிறது.

நீங்களே பிரித்து, நீங்களே பாருங்கள். வருகிற எண்ணை வேதமுத்து மாமா பேருக்கே எழுதுங்கள்.

பைமேல் ஊர்ப்பேரும் தேதியும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எண் எதுவும் எழுதவில்லை.

இப்படிக்கு,
செலின்